பண்டசாலைக் கணக்கு, புரட்டாதி

ஒரு வெடியும் வெடிக்கவில்லை.
இதை முதலில் எழுதி வைக்கிறேன்.
பின்னால் வருகிறவர்கள் யுத்தம் என்று சொல்லிப் பாட்டுக் கட்டுவார்கள்.

பருத்தித்துறையில் அவர்கள் இறங்கிய அன்று
கோட்டைக்குள் நான் சங்கு எண்ணிக்கொண்டிருந்தேன்.
நாலாயிரத்துச் சொச்சம். வலம்புரி ஒன்றுமில்லை.
வல்லை வெளியில் தூசி கிளம்புகிறது என்றார்கள்.
மறுநாள்
கோப்பாய்க் கிணறுகளில் வாளி அடிமண்ணைத் தட்டுகிறது என்றார்கள்.
இரண்டாவதைத்தான் நம்பினேன்.
பயந்தவன் கண்ணுக்குத் தூசி பெருகும்.
வாளிக்குப் பயமில்லை.

பண்டசாலைத் துரை அன்று காலையும் சவரம் செய்துகொண்டார்.
வெள்ளைக் கொடிக்கு எந்த மேசைவிரிப்பைக் கொடுக்கலாம் என்று
சமையற்காரியிடம் விசாரித்தார்.
அவள் குழம்புக் கறை படிந்ததை எடுத்துக் கொடுத்தாள்.
நல்லது வீணாகக் கூடாதாம்.

திறப்புகள் முப்பத்தேழு.
கொட்டைப்பாக்கு, சாயவேர், பனஞ்சலாகை,
ஈரம் பாய்ந்த வெடிமருந்து,
காது கிழிந்த ஒரு யானை.
எல்லாவற்றையும் எழுதிக் கீழே ஒப்பமிட்டேன், பிலிப்பு என்று.
ஞானஸ்நானம் இல்லாதவனுக்கு உத்தியோகம் இல்லை;
இருட்டிய பிறகு, அம்மன் முன்னால், நான் அம்பலவாணன்.
இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சம்பளம்.

ஒரு கும்பினி போகிறது, ஒரு கும்பினி வருகிறது.
தலைப்பில் ஒரு சொல்லை வெட்டினால் போதும்,
கீழே கிடக்கும் பாக்கு அதே பாக்கு
என்று நினைத்தபடிதான் வாசலுக்கு வந்தேன்.

அங்கே சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன்.
கறுவல். என் மருமகன் வயதிருக்கும்.
முழங்கால்வரை வெள்ளைக் காற்சட்டை, கீழே புழுதிக் கால்.
எனக்குத் தெரிந்த மூன்று பாஷையிலும் சலாம் வைக்க
வாயைத் தயார்ப்படுத்திக்கொண்டு குனிந்தேன்.
துவக்கைக் குறுக்கே நீட்டி
அவன் சொன்னான்:
நில்லுடா.

பறங்கி எங்கள் முப்பாட்டனைப் பறங்கிப் பாஷையில் நிறுத்தினான்.
ஒல்லாந்தன் ஒல்லாந்தில்.
விளங்காத சொல்லுக்குக் கால் மட்டும் நிற்கும்,
உள்ளே ஆள் நடந்துகொண்டே இருப்பான்.
இந்தச் சொல்லுக்கு ஆளும் நின்றுவிட்டான்.

வெயில் ஏறியது.
"தண்ணி இருக்குங்களா?"
அதே வாய்தான்.
செம்பைக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்து முகம் சுளித்தான்.
"சுண்ணாம்பு மாதிரி இருக்குங்களே."
உறையூர்ப் பக்கமாம். காவேரி குடித்த நாக்கு.
நாலு மாதச் சம்பளம் பாக்கி.
வள்ளத்தில் வரும்போது குடல் வெளியே வர வாந்தியெடுத்தானாம்,
அதைச் சொல்லிச் சிரித்தான்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"இது எந்த ராசா ஊருங்க?"

அவன் பிடித்த ஊரின் உடைமைக்காரன் யாரென்று
நான் எப்படிச் சொல்வேன்?
திறப்புக் கோர்வையைத் தூக்கிக் காட்டினேன்.
அது கொஞ்சம் சத்தம் போட்டது.

பொழுதுபட வீட்டுக்கு வந்தால்
படலைக்கு வெளியே சாயவேர்க் கட்டுகளோடு சூரன்.
கும்பினி மாறினதைக் கிண்டுகிறவனுக்கு யார் சொல்வது?
மணல்வெளியெல்லாம் குனிந்து கிண்டிக் கொண்டுவந்திருந்தான்.
நெஞ்சு ஆறாமல் அவனிடமே கொட்டினேன்.
"தமிழிலை சொன்னானடா, சூரன்.
தமிழன், தமிழனுக்கு,
தமிழிலை, நில்லுடா எண்டு."

அவன் தலைச்சுமையை இறக்கவில்லை.
இறக்கு என்று நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"எங்களுக்கு எப்பவும் தமிழிலைதானே, ஐயா."

குத்தலாகச் சொன்னானா, சும்மா சொன்னானா,
முகத்தைப் பார்க்க வெளிச்சம் போதவில்லை.
விளக்கைக் கொண்டுவரச் சொல்லவும் எனக்கு மனமில்லை.

கட்டுகளை எண்ணினேன். பதினொன்று.
மறுபடி எண்ணினேன்.
ஒன்று குறைகிறது.
போகத் திரும்பினான்.
வழக்கமாக அவனை நிறுத்தும் சொல்
நாக்கின் நுனிவரை வந்து
உறையூர்க்காரன் குரலில் கிடந்தது.

பன்னிரண்டு என்று எழுதினேன்.
முதல் நாளே, புதுக் கும்பினிக்கு,
பொய்க் கணக்கு.